இருவராகத் தரைவழியே தென்கிழக்கு ஆசியா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் இறங்கி, பினாங்கு, ஹாட் யாய், பாங்காக், வியந்தியான், லுவாங் பிரபாங், ஹனோய், ஹுவே, ஹோய் ஆன், சைகோன் வழியாகப் புனோம் பென் வரை ரயிலிலும் பஸ்ஸிலுமாக நானும் என் கணவரும் போய்வந்தோம். ஆளுக்கொரு முதுகுப்பை, ஆறு வாரம். புறப்படுவதற்கு முன் நாங்கள் போட்ட பட்டியலில் இன்னும் நான்கு ஊர்கள் இருந்தன. வழியில் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. இப்போது நண்பர்கள் இதே வழியில் கிளம்பும்போது அவர்களுடைய பட்டியலை வாங்கிப் பார்க்கிறேன். நாங்கள் செய்த தவறுதான் அதிலும் இருக்கிறது.

எல்லை தாண்டும் நாளையும் ஊர் பார்க்கும் நாளாகக் கணக்கில் சேர்த்துவிடுவதுதான் அந்தத் தவறு. "செவ்வாய்: பினாங்கிலிருந்து ஹாட் யாய், மாலையில் சந்தை" என்று எழுதுவது எளிது. ஆனால் அன்று ஃபெர்ரி பிடித்து பட்டர்வொர்த் வர வேண்டும், பாடாங் பெசாருக்கு ரயில், அங்கே இரண்டு நாட்டுக் குடிநுழைவு வரிசை, மறுபடி ரயில், பிறகு அறை தேடல். வரைபடத்தில் விரற்கடை தூரம்தான். உடம்புக்கு அது முழு நாள். இரவு ரயில் என்றால் மறுநாள் மதியம் வரை தலை கிறுகிறுக்கும், அறையும் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். அதனால் எல்லை தாண்டும் நாளுக்கு வேறெந்த வேலையும் வைக்காதீர்கள். இரவுப் பயணத்துக்கு அடுத்த காலையையும் காலியாக விடுங்கள். ஓர் ஊரில் மூன்று இரவாவது தங்க முடியாது என்றால் அந்த ஊரையே எடுத்துவிடுவது நல்லது.

சைகோனில் அப்படிக் காலியாக விட்ட ஒரு காலையில் பென் தான் என்ற சந்தையின் பக்கம் சும்மா நடந்தபோதுதான் அங்குள்ள மாரியம்மன் கோயிலைப் பார்த்தோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். உள்ளே ஊதுவத்தியோடு நின்றவர்கள் எல்லாம் வியட்நாமியர்கள். அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பட்டியலில் அது இல்லவே இல்லை.

அடுத்தது கடிகாரமும் ஸ்டேஷன் பெயர்களும். மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பாடாங் பெசார் ஸ்டேஷனில் இரு நாட்டு ரயில்களும் நிற்கும், டிக்கெட்டில் அவரவர் நாட்டு நேரம் இருக்கும். "ஏங்க, இதுல போட்டிருக்கிறது எந்த ஊர் மணி?" என்று நான் கேட்டபோது அவரும் முழித்தார். வடக்கே போகும்போது இந்த ஒரு மணி நேரம் கையில் மிஞ்சும், கவலையில்லை. தெற்கே திரும்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். ஹாட் யாயிலிருந்து வந்து இறங்கும்போது கைக்கடிகாரத்தில் ஒன்றரை என்றால் மலேசியாவில் இரண்டரை ஆகியிருக்கும், கோலாலம்பூர் ரயில் போயிருக்கும்.

பாங்காக்கில் ஹுவா லம்போங் என்ற பழைய ஸ்டேஷன் பெயர் பழைய குறிப்புகளில் எல்லாம் வரும். 2023 ஜனவரியில் நெடுந்தூர ரயில்கள் பாங் சூவில் உள்ள புதிய க்ருங் தேப் அபிவாட் ஸ்டேஷனுக்கு மாறிவிட்டன. ஆட்டோக்காரரிடம் "ரயில்வே ஸ்டேஷன்" என்று மட்டும் சொன்னால் பழைய இடத்தில் கொண்டுபோய் விடக்கூடும். வியந்தியானிலும் இதே குழப்பம் உண்டு. பாங்காக்கிலிருந்து வரும் ரயில் நிற்கிற கம்சவாத் வேறு, லுவாங் பிரபாங்குக்குப் போகும் லாவோஸ்-சீன ரயிலின் ஸ்டேஷன் வேறு. இந்தச் சீன ரயில் 2021 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. மலைச்சாலையில் ஒரு பகல் முழுக்க ஆன பயணம் இப்போது இரண்டு மணி நேரம்தான். ஆனால் ஸ்டேஷன்கள் ஊருக்கு வெளியே இருக்கின்றன, உள்ளே போக விமான நிலையம் போலப் பையைச் சோதிக்கிறார்கள். கத்தி, கொசு ஸ்ப்ரே, டியோடரண்ட் டப்பா எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கொசுவுக்குத் தடவும் களிம்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

"முழுக்கத் தரைவழிதான்" என்று வீம்பு பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். லுவாங் பிரபாங்கிலிருந்து ஹனோய்க்கு ஒரே பஸ்ஸில் போனால் ஒரு நாள் முழுக்க ஆகும், அதற்கு மேலும் இழுக்கும். மலை வளைவு, நடுராத்திரியில் எல்லை திறக்கும் வரை காத்திருப்பு, கழிப்பறை இல்லாத நிறுத்தங்கள். நாங்கள் அந்த பஸ்ஸில்தான் போனோம். எனக்கு மாதவிலக்கு நாள். இதை ஏன் வெளிப்படையாகச் சொல்கிறேன் என்றால், இருவர் போடும் திட்டத்தில் இந்த விஷயத்தைப் பேசாமலே விட்டுவிடுகிறோம். நானும் பேசவில்லை. ஹனோயில் இறங்கியபின் இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. அந்த ஒரு பகுதிக்கு விமானம் ஏறியிருக்கலாம். அல்லது நோங் கியாவ், முவாங் குவா, தியன் பியன் பூ என்று இடையிடையே தங்கி நான்கைந்து நாளில் மெல்லப் போயிருக்கலாம். தேதி குறிக்கும்போதே இருவரில் யாருக்கு எந்த நாள் சிரமம், யாருக்கு வளைவில் வாந்தி வரும், யாருக்கு முதுகு வலி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடியாதவருடைய வேகம்தான் இருவருக்கும் வேகம்.

பருவத்தை ஒரே மாதிரி நினைப்பதும் தவறு. வியட்நாமின் நடுப்பகுதிக்கு நம் சென்னைபோல வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர், நவம்பரில் ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் தெருவில் படகு ஓடுகிற அளவுக்கு வெள்ளம் வரும். அதே நேரம் பாங்காக்கில் மழை ஓய்ந்துகொண்டிருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்திலும் லாவோஸ் மலைகளிலும் காட்டையும் வயலையும் எரிப்பதால் புகை மூட்டம், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஜனவரி ஹனோய்க்கு ஸ்வெட்டர் வேண்டும். டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டு வாரத்தில் ரயில் டிக்கெட்டே கிடைக்காது.

இனி தாள்கள். நம் பெயர் முறையால் நமக்குத் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. ஒருவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி, இன்னொருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். கணவன் மனைவி இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இருக்காது. அது யாருக்கும் பிரச்சினை இல்லை, எங்கள் பயணம் முழுக்க ஒரு விடுதியிலும் திருமணச் சான்றிதழ் கேட்கவில்லை. பிரச்சினை வருவது வியட்நாம் இ-விசாவில். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினாலும் எல்லையில் திருப்பி அனுப்பிவிட முடியும். பாஸ்போர்ட்டின் படப்பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரியைப் பார்த்து அதிலுள்ள எழுத்துகளை அப்படியே நிரப்புங்கள். ஒருவர் நிரப்பினால் மற்றவர் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். எந்த எல்லைச்சாவடி வழியாக நுழைகிறீர்கள் என்றும் அந்தப் படிவத்தில் குறிக்க வேண்டும். எல்லாச் சாவடியும் இ-விசாவை ஏற்காது. பஸ் டிக்கெட் எடுப்பதற்கு முன் அது எந்தச் சாவடி வழியே போகிறது என்று கேளுங்கள்.

அரசுத் தளத்தில் அந்த விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் பல மடங்கு வாங்குகின்றன. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நுழைவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை உண்டு, தாய்லாந்தில் இது 2025 மே மாதம் வந்தது. தரைவழியாக வந்தாலும் வேண்டும். இரண்டுமே இலவசம், பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். தாய்லாந்திலிருந்து லாவோஸுக்குள் நுழையும் மேகாங் ஆற்றுப் பாலத்தில் விசா வாங்க பாஸ்போர்ட் அளவுப் படமும் டாலரும் கையில் இருக்கட்டும்.

கம்போடியாவின் சியம் ரீப் பார்த்துவிட்டு பஸ்ஸில் பாங்காக் திரும்பலாம் என்ற பழைய சுற்றுவழியை நம்பி விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். 2025 ஜூனில் தாய்லாந்து-கம்போடியா தரை எல்லை மூடப்பட்டது, ஜூலையில் சண்டையே நடந்தது. கிளம்பும் வாரத்தில் நிலவரம் பாருங்கள். வியட்நாமிலிருந்து மோக் பாய் எல்லைச்சாவடி வழியாகக் கம்போடியா போய், புனோம் பென்னிலேயே பயணத்தை முடிக்கும்படி அமைத்துக்கொண்டால் அந்த எல்லையை நம்ப வேண்டியதில்லை.

பணம், தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் வைப்பது தம்பதிகள் மட்டுமே செய்யும் தவறு. தனியாகப் போகிறவர் பயத்தில் பிரித்து வைப்பார். இருவராகப் போனால் "அவர்கிட்ட இருக்கு" என்று விட்டுவிடுவோம். சைகோனில் ஓரமாக நடக்கும்போது பைக்கில் வந்து கைப்பையைப் பறித்துக்கொண்டு போவது நடக்கிற விஷயம். ஆளுக்கொரு வங்கியின் கார்டு, ஆளுக்கொரு சிம், ஒருவருடைய பாஸ்போர்ட் நகல் மற்றவருடைய போனில். கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். ஏடிஎம் திரையில் ரூபாயிலேயே கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் நமக்கு நஷ்டம்.

வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் நீல நிறம்தான். இருட்டில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது மாறினால் இருபத்தைந்து மடங்கு போய்விடும். பெரிய நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள். லாவோஸ் கிப்பை நாட்டைவிட்டு வெளியே வந்தால் மாற்றவே முடியாது என்று நினைத்துக்கொண்டு, கடைசி நாளுக்குள் செலவழித்துவிடுங்கள். கம்போடியாவில் லேசாகக் கிழிந்த டாலரைக்கூட வாங்க மாட்டார்கள். உங்களுக்கு யாராவது அப்படி ஒன்றைத் தந்தால் நீங்களும் வாங்காதீர்கள்.

ஸ்லீப்பர் பஸ்ஸில் நாட்டுக்கு நாடு அமைப்பு மாறும். லாவோஸில் பல பஸ்களில் ஒரு படுக்கைக்கு இருவர், தம்பதிக்கு வசதி. வியட்நாமில் பெரும்பாலும் மூன்று வரிசை ஒற்றைப் படுக்கைகள், நடுவே நடைபாதை, பக்கத்தில் யாரோ ஒருவர். இருவரும் ஒரே வரிசையில் மேலும் கீழுமாகக் கேட்டு வாங்குங்கள். தாய்லாந்து ரயிலில் கீழ்ப் படுக்கை அகலம், விலை சற்றுக் கூடுதல். ஹுவேயிலிருந்து தா நாங்குக்கு மட்டும் பஸ் வேண்டாம், பகல் ரயில் ஏறுங்கள். தெற்கு நோக்கி இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஹை வான் மலைச்சரிவிலிருந்து கடல் வழிநெடுகத் தெரியும்.

சைவக்காரர்களுக்கு ஒரு சொல். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது மசாலா. வியட்நாமில் "சாய்" என்றும் தாய்லாந்தில் "ஜே" என்றும் கேளுங்கள். தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடை அது. அங்கே வெங்காயம், பூண்டுகூட இருக்காது. என் கணவர் சைவம், நான் இல்லை. முதல் இரண்டு வாரம் இருவருக்கும் பொதுவான கடையைத் தேடித் தேடியே பசியில் சண்டை போட்டோம்.

இருபத்துநாலு மணி நேரமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று நினைத்ததால் வந்த சண்டை அது. வீட்டில்கூட நாம் அப்படி இருப்பதில்லை. ஹனோயில்தான் மாற்றினோம். தினம் மதியம் மூன்று மணி நேரம் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். போன் செத்துப்போனாலும் சந்திக்க முடிகிற ஓர் இடமும் மணியும் காலையிலேயே முடிவாகிவிடும். ஹனோயில் அது ஹோவான் கியெம் ஏரியின் சிவப்பு மரப்பாலம், ஐந்து மணி. ஐந்தாவது நாள் நான் வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து, கையில் எனக்கொரு முட்டை காபியோடு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் சாப்பிட்டது என்ன, நான் சாப்பிட்டது என்ன என்று சொல்லிக்கொண்டே இருட்டும்வரை ஏரியைச் சுற்றி நடந்தோம்.