கலைக் கல்லூரியில் எம்.ஆர்க்: சேருவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எம்.ஆர்க், அதாவது ஆர்க்கிடெக்சர் மேற்படிப்பு என்றால் ஹார்வர்டு, கொலம்பியா போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். கலைக் கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு இருக்கிறது என்பது பலருக்கு பி.ஆர்க் கடைசி ஆண்டில்தான் தெரியவருகிறது. பிராவிடென்ஸ் நகரில் 1877இல் தொடங்கிய ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன், அதாவது ரிஸ்டி. புரூக்ளினில் 1887இல் தொடங்கிய பிராட். நியூயார்க்கின் பார்சன்ஸ் என்று பட்டியல் நீளும். ஓவியம், கண்ணாடி, மண்பாண்டம், நெசவு எல்லாம் நடக்கும் வளாகத்தில் கட்டடக்கலை படிப்பது என்ற எண்ணமே ஈர்க்கிறது. அந்த ஈர்ப்பில் தவறு எதுவும் இல்லை. அதை மட்டுமே நம்பிப் பல லட்சம் கடன் வாங்குவதுதான் கவலை தருகிறது.

விண்ணப்பம் போடும் மாணவர்களிடம் நான் காணும் தவறுகளில் மிகப் பெரியது பட்டத்தைப் பற்றியது. அதனால் அதைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

எம்.ஆர்க் எல்லாம் ஒன்றல்ல

அமெரிக்காவில் எம்.ஆர்க் என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் படிப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஆர்க்கிடெக்ட் லைசென்ஸுக்கு வழிவிடும் தொழிற்பட்டம். வேறு துறையில் இளங்கலை முடித்தவர்கள்கூட இதில் சேரலாம். வழக்கமாக மூன்று ஆண்டுகளோ அதற்குச் சற்று மேலோ ஆகும். ‘நாப்’ என்று அழைக்கப்படும் தேசிய அங்கீகார வாரியம் ஆராய்ந்து ஒப்புதல் கொடுப்பது இந்த வகைக்குத்தான். இன்னொன்று, ஏற்கெனவே தொழிற்பட்டம் பெற்றவர்கள் ஆய்வுக்காகவும் வடிவமைப்பில் ஆழம் தேடியும் வந்து சேரும் படிப்பு. இது ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை. இந்த வகையை நாப் பரிசீலிப்பதே இல்லை. எவ்வளவு புகழ்பெற்ற கல்லூரியாக இருந்தாலும் இந்தப் பட்டத்துக்கு அந்த அங்கீகாரம் கிடையாது.

இன்னொன்றையும் சேர்த்துக் கவனியுங்கள். நாப் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுப்பதில்லை, பட்டத்துக்குத்தான் கொடுக்கிறது. பிராட்டில் எம்.ஆர்க் தொழிற்பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டு. அதே பிராட்டில் எம்.எஸ். என்று தரப்படும் குறுகிய படிப்புக்கு இல்லை. நியூயார்க்கில் உள்ள கூப்பர் யூனியன் கல்லூரியில் ஐந்தாண்டு பி.ஆர்க் அங்கீகாரம் பெற்றது. மேற்படிப்பாக உள்ள எம்.எஸ். அப்படியல்ல. ரிஸ்டியில் எம்.ஆர்க் வேறு, பழைய கட்டடங்களை மறுபயன்பாட்டுக்கு மாற்றுவதைச் சொல்லித்தரும் உள்வடிவமைப்புப் படிப்பு வேறு. இரண்டாவது மிக நல்ல படிப்பு, ஆனால் லைசென்ஸுக்கான பாதை அல்ல.

இந்தியாவில் ஐந்தாண்டு பி.ஆர்க் முடித்தவர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார். மூன்றாண்டுக்குப் பணம் கட்ட முடியாது, ஏற்கெனவே படித்ததையே எதற்குத் திரும்பப் படிக்க வேண்டும் என்று இரண்டாம் வகையில் சேர்ந்துவிடுகிறார். படிப்பு முடிந்து அங்கேயே வேலை கிடைத்த பிறகுதான் தெரிகிறது, கையில் இருக்கும் இரண்டு பட்டங்களில் ஒன்றுக்குக்கூட நாப் அங்கீகாரம் இல்லை என்று. பெரும்பாலான மாநிலங்கள் லைசென்ஸுக்கு அதைத்தான் முதலில் கேட்கின்றன. வழி அடைபட்டுப் போவதில்லை. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஈஸா என்ற ஏற்பாடு உண்டு. உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக ஒப்பிட்டு, குறையும் பாடங்களைத் தனியாகப் படிக்கச் சொல்வார்கள். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் பல ஆண்டு அனுபவத்தைப் பட்டத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அங்கே லைசென்ஸ் வாங்கி இன்னொரு மாநிலத்துக்குப் போனால் மறுபடி கேள்விகள் எழும். பட்டத்துக்குப் பிறகும் 3,740 மணி நேரப் பயிற்சிப் பதிவும் ஆறு பிரிவுத் தேர்வுகளும் காத்திருக்கின்றன. அதற்கு முன்பே இப்படி ஒரு சுற்று வழி வேண்டாம்.

என் கருத்து இதுதான்: அமெரிக்காவில் நீண்ட காலம் தொழில் செய்யும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், தொழிற்பட்ட வகைக்கே விண்ணப்பியுங்கள். உங்கள் பி.ஆர்க்கைக் கணக்கில் எடுத்து ஓராண்டு குறைத்துத் தருவார்களா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சில கல்லூரிகள் தருகின்றன. ஊர் திரும்புவது உறுதி, இந்தியாவில் ஆர்க்கிடெக்ட்களைப் பதிவுசெய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் பதிவும் கையில் இருக்கிறது என்றால் குறுகிய படிப்பு போதும். சொல்லப்போனால் அதுவே மேல். அடிப்படைப் பாடங்களில் நேரம் போகாது.

இதற்கு நேர்மாறான நிலையில் இருப்பவர்கள், அதாவது இந்தியாவில் பி.டெஸ் (டிசைன் இளங்கலை) அல்லது பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் மூன்றாண்டு எம்.ஆர்க் படிக்க நினைப்பவர்கள், ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று முன்பே பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் இங்கே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். நீங்கள் வாங்கப்போகும் பட்டத்தை ஏற்பார்களா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பிரிட்டனிலும் இதே கதைதான். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் முழுக்க முழுக்க முதுநிலைக் கல்லூரி. அங்கே எம்.ஏ. ஆர்க்கிடெக்சர் படித்தால் மூன்று பகுதிகளாக உள்ள அந்நாட்டு ஆர்க்கிடெக்ட் தகுதியின் இரண்டாம் பகுதி கிடைக்கும். அதே துறையின் கீழ் வரும் நகர வடிவமைப்பு எம்.ஏ.வுக்கோ சூழலியல் கட்டடக்கலை எம்.ஏ.வுக்கோ அது கிடையாது.

கலைக் கல்லூரி என்று பொதுவாக எதுவும் இல்லை

மிச்சிகனில் கிரான்புரூக் அகாடமி இருக்கிறது. ஃபின்லாந்து ஆர்க்கிடெக்ட் எலியல் சாரினன் வடிவமைத்து, முதல் தலைவராகவும் இருந்த இடம். புகழ்பெற்ற டிசைனர்கள் சார்ல்ஸ் ஈம்ஸ், ஃபுளோரன்ஸ் நோல் ஆகியோர் அங்கிருந்து வந்தவர்கள். மொத்த மாணவர்களே 150 பேரை ஒட்டித்தான். வகுப்பு, பாடத்திட்டம், மதிப்பெண் என்ற அமைப்பே கிடையாது. ஒவ்வொரு துறைக்கும் ஒரே ஒரு கலைஞர் வழிகாட்டி, அவரும் வளாகத்திலேயே தங்கி வேலை செய்வார். மாணவர் தன் ஸ்டுடியோவில் இரண்டு ஆண்டுகள் தானாகவே உழைக்க வேண்டும். அங்கே கிடைக்கும் எம்.ஆர்க் லைசென்ஸுக்கானது அல்ல. அவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

இதன் பக்கத்தில் ரிஸ்டியை வைத்துப் பாருங்கள். கட்டுமான அமைப்பு, கட்டடச் சூழலியல், தொழில் நடைமுறை என்று வரிசையாகப் பாடங்கள் உண்டு. இலையுதிர் பருவத்துக்கும் வசந்தப் பருவத்துக்கும் நடுவே ஐந்து வாரப் பருவம் ஒன்று வரும். அப்போது துறைக்கு வெளியே மரவேலையோ அச்சுக்கலையோ எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே இருக்கும் பிரவுன் பல்கலைக்கழகத்திலும் பாடம் எடுக்கலாம். இரண்டும் கலைக் கல்லூரிதான். ஆனால் ஒன்றில் மலரும் மாணவர் மற்றொன்றில் திணறிப்போகக்கூடும். யாராவது கெடு வைத்தால்தான் வேலை ஓடும் என்பது உங்கள் இயல்பு என்றால், கிரான்புரூக் போன்ற இடம் உங்களுக்குக் கடினம். இதை ஒளிக்காமல் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கலைக் கல்லூரி என்றால் ஸ்டீல், கான்கிரீட், தீயணைப்பு விதி எதுவும் இருக்காது என்று எண்ணிப் போகிறவர்களும் உண்டு. நாப் அங்கீகாரம் உள்ள இடத்தில் அது நடக்காது. கட்டடத்தின் அமைப்பு, சேவைகள், பாதுகாப்பு விதிகள் எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது அங்கீகாரத்தின் நிபந்தனை.

சரி, கல்லூரி தன்னைப் பற்றித் தானே எழுதுவதைத் தாண்டி எதைப் படிப்பது? அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு துறையும் நாப் பார்வைக் குழுவின் அறிக்கையைப் பொதுவில் வைத்தாக வேண்டும். எந்தப் பாடம் தரத்துக்கு எட்டவில்லை, இடவசதி போதுமா, போன முறை சொன்ன குறையைச் சரிசெய்தார்களா என்று வெளியாள் ஒருவர் எழுதியது அதில் இருக்கும். லைசென்ஸ் தேர்வில் கல்லூரிவாரியாக எத்தனை சதவீதம் தேறினார்கள் என்ற விவரமும் வெளியாகிறது. விண்ணப்பிப்பவர்களில் இதைப் படித்துவிட்டு வருகிறவர்களை அரிதாகத்தான் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இதற்குப் பைசா செலவில்லை.

பெரிய பெயருள்ள ஆசிரியருக்காகச் சேருவதும் ஆபத்துதான். புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் டேனியல் லிபஸ்கிண்ட் 1978 முதல் 1985 வரை கிரான்புரூக்கின் கட்டடக்கலைத் துறையை நடத்தினார். அந்த ஆண்டுகளில் அந்தத் துறையின் முகமே அவர்தான். அவர் போன பிறகு அது வேறு இடம். சிறிய கல்லூரியில் ஒருவர் வந்தாலும் போனாலும் எல்லாமே மாறும். நீங்கள் படிக்கப்போகும் ஆண்டுகளில் யார் ஸ்டுடியோ எடுக்கிறார்கள், யார் விடுப்பில் போகிறார்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கல்லூரியே நிலைத்திருக்குமா?

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1871இல் தொடங்கிய சான் ஃபிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் 2022இல் மூடப்பட்டது. ஃபிலடெல்பியாவில், 1876இல் வேர்விட்ட யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ், 2024 மே 31 அன்று மூடப்போகிறோம் என்று அறிவித்து, ஜூன் 7 அன்று மூடியேவிட்டது. ஒரே வாரம். அடுத்த பருவத்துக்குச் சேர்ந்திருந்தவர்கள் அக்கம்பக்கக் கல்லூரிகளில் இடம் தேடி அலைந்தார்கள். இவை இரண்டிலும் எம்.ஆர்க் இல்லை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. எம்.ஆர்க் அங்கீகாரம் பெற்ற கலிஃபோர்னியா காலேஜ் ஆஃப் தி ஆர்ட்ஸ், 2026–27 கல்வியாண்டோடு மூடப்போவதாக 2026 ஜனவரியில் அறிவித்தது.

தனியார் கலைக் கல்லூரிகளில் பல, மாணவர் கட்டும் கட்டணத்தை நம்பியே ஓடுகின்றன. சேர்க்கை இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து குறைந்தாலே ஆட்டம் கண்டுவிடும். விசாவை நம்பிப் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு அதன் அடி இன்னும் பலமாக விழும். லாப நோக்கற்ற கல்லூரிகள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் 990 படிவத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஐந்து ஆண்டுப் படிவங்களை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் செலவு வரவை மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மாணவர் எண்ணிக்கை இறங்குகிறதா, அந்த வட்டார அங்கீகார அமைப்பு எச்சரிக்கை ஏதும் கொடுத்திருக்கிறதா என்றும் தேடுங்கள். கணக்கியல் தெரிந்த உறவினர் ஒருவரிடம் காட்டினால் அரை மணி நேர வேலை.

பாஸ்டனில் 1873 முதல் இயங்கும் மாஸ் ஆர்ட் அரசுக் கல்லூரி. அங்கேயும் அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க் உண்டு. பெயர் அவ்வளவாகக் கேள்விப்படாதது என்பதாலேயே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள்.

பணக் கணக்கு

நம் வீடுகளில் ஒரு தவறான ஒப்பீடு வழக்கமாக நடக்கும். அக்கா மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். படிக்கும்போது உதவி ஆசிரியர் வேலை பார்த்துக் கட்டணமே கட்டவில்லையே, நீயும் அப்படிச் சமாளித்துவிடலாம் என்பார்கள். பொறியியல் துறைகளுக்கு வரும் ஆராய்ச்சி நிதி கலைக் கல்லூரிகளுக்கு வருவதில்லை. அங்கேயும் உதவி ஆசிரியர் வேலை உண்டு, ஆனால் பெரும்பாலும் மணிக் கணக்கில் சம்பளம். கட்டணத் தள்ளுபடி அதோடு வராது. ரிஸ்டி போன்ற இடத்தில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலர் அளவில் நிற்கிறது. மாடலுக்கான பொருள், பிரின்ட், லேசர் வெட்டு எல்லாம் அதற்கு மேல். உதவித்தொகை முதல் ஆண்டுக்கு மட்டுமா, கடைசி வரையா என்பதைக் கடிதத்தில் தெளிவாகப் பார்த்துவிடுங்கள்.

படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதியும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஓபிடி எனப்படும் இந்த அனுமதி பொதுவாக 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வரும் படிப்புக்கு இன்னும் 24 மாதம் கூடும். ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு; வழக்கமான ஆர்க்கிடெக்சர் குறியீடு 04.0201 அந்தப் பட்டியலில் இல்லை. கட்டட அறிவியல், தொழில்நுட்பம் என்ற 04.0902 இருக்கிறது. சில கல்லூரிகள் தங்கள் எம்.ஆர்க்கை இரண்டாவது குறியீட்டுக்கு மாற்றிவிட்டன, சில மாற்றவில்லை. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் எந்த எண் வரும் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

போர்ட்ஃபோலியோ

இந்தியாவிலிருந்து போகும் போர்ட்ஃபோலியோக்களில் பல ஒன்றுபோலவே இருக்கின்றன. பத்து ஏக்கரில் ஒரு பண்பாட்டு மையம் அல்லது பேருந்து முனையம், மாலை வெளிச்சத்தில் மின்னும் ரெண்டர்கள், பயிற்சிக் காலத்தில் வரைந்த வொர்க்கிங் டிராயிங். பெரிய பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதையே அப்படியே கலைக் கல்லூரிக்கும் அனுப்புகிறார்கள். கலைக் கல்லூரியின் தேர்வுக் குழு தேடுவது பெரும்பாலும் வேறு: கை எப்படி வேலை செய்கிறது, ஒரு யோசனை எங்கே தொடங்கி எங்கே திரும்பியது என்பது. கைவிட்ட மாடல், கிறுக்கிய நோட்டுப் பக்கம், ஊரில் கொத்தனாரோடு நின்று கட்டிப் பார்த்த ஒரு சுவர், சொந்த ஆர்வத்தில் வரைந்த படங்கள், இவற்றுக்கும் இடம் கொடுங்கள். தீசிஸ் ஷீட் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம், இரண்டு மூன்று வேலைகளை விரித்துக் காட்டினால் போதும்.

அப்புறம், சேர்ந்தால் யாரோடு உட்கார்ந்து வேலை செய்யப்போகிறீர்கள் என்பதையும் இதே நேரத்தில் பாருங்கள். ஆண்டு முடிவில் துறைகள் வெளியிடும் மாணவர் வேலைகளில் விருது பெற்றதை மட்டும் பார்க்காமல் எல்லாவற்றையும் புரட்டுங்கள். பிறகு, மூன்று ஆண்டுக்கு முன் படிப்பு முடித்த இருவருக்கு எழுதி, இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள், கடன் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். கல்லூரியே முன்னிறுத்தும் முன்னாள் மாணவராக இல்லாமல், நீங்களாகத் தேடிப் பிடித்தவர்களாக அவர்கள் இருக்கட்டும்.