பழைய டிஃபென்டரின் கூரையில் ஏசி: வெட்டும் முன் கணக்குப் போடுங்கள்

என்னிடம் இருப்பது லேண்ட் ரோவர் டிஃபென்டர் 110, 300 டிடிஐ டீசல் இன்ஜின் போட்ட பழைய வண்டி. மஸ்கட்டில் ஜூன் மாத இரவுகள் பல 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. மணல்மேட்டில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே தூங்க வேண்டுமென்றால் கூரை ஏசிதான் வழி. வண்டி ஓடும்போது மட்டும் குளிர் போதும் என்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். இன்ஜின் பெல்ட்டில் கம்ப்ரெசர் மாட்டும் சாதாரண ஏசி அவர்களுக்கு மலிவு, தொல்லையும் குறைவு.

கூரையில் சதுரமாக ஓட்டை போடுவதுதான் பெரிய வேலை என்று எல்லோரும் நினைப்பார்கள். அது அரை நாள் வேலை. கஷ்டம் முழுக்க மின்சாரத்தில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: ஆம்பியர் கணக்கு

12 வோல்ட் கூரை ஏசி முழு வேகத்தில் 50, 60 ஆம்பியர் இழுக்கும். சில மாடல்கள் அதற்கும் மேல். விளம்பரத்தை நம்பாமல் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். 300 டிடிஐ-யில் வழக்கமாக வரும் ஆல்டர்னேட்டர் 65 ஆம்பியர். ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் விசிறி எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். ஐடிலில் அதுவும் சுருங்கிவிடும். ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் ஏசியை இணைத்தால் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

ஆகவே இரண்டாவது பேட்டரி வேண்டும். 200 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 12.8 × 200 = 2,560 வாட்-அவர். தெர்மோஸ்டாட் அவ்வப்போது வேகத்தைக் குறைப்பதால் சராசரி 40 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணி நேரம். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சர்க்யூட்) தொடர்ந்து 100 ஆம்பியர் தரக்கூடியதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

இந்தப் பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்கக் கூடாது. லித்தியம் பசி எடுத்தவன் மாதிரி இழுக்கும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில் இழுவையைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். காலி பேட்டரி நிறைய ஏழு மணி நேரம் வண்டி ஓட வேண்டும். அதாவது ஒரு நாள் பயணத்துக்கு ஒரு இரவுக் குளிர். இந்தக் கணக்கு பிடிக்கவில்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது, கூரையாவது முழுசாக இருக்கும்.

படி 2: வெயிலைத் தடுப்பது

பழைய சீரிஸ் லேண்ட் ரோவர்களில் வெப்ப நாடுகளுக்கென்று இரட்டைக் கூரை வந்தது. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் காற்று ஓட இடைவெளி. ஏசி இல்லாத காலத்தில் யோசித்த விஷயம். இன்றைக்கும் அதைவிட எளிய தீர்வு எனக்குத் தெரியாது. டிஃபென்டரில் இருப்பது ஒற்றை அலுமினியத் தகடு. வெயிலில் நின்ற வண்டிக்குள் உச்சந்தலையில் அடுப்பை வைத்த மாதிரி இருக்கும்.

ரூஃப் லைனிங்கை எப்படியும் கழற்றப் போகிறோம். கழற்றியதும் தகட்டின் உள்பக்கம் 10 முதல் 15 மில்லிமீட்டர் மூடிய துளை (closed cell) ஃபோம் ஷீட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். ஈரம் உறிஞ்சும் பஞ்சு வேண்டாம், கொஞ்ச நாளில் நாறும். ஜன்னல்களுக்கு வெள்ளித் திரை வெட்டிக்கொள்ளுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரண்டு காற்று மடல்களின் ரப்பரை மாற்றுங்கள். பழைய டிஃபென்டரில் குளிர் தப்பிப் போகும் முக்கிய வழி அதுதான். முன் சீட்டுக்குப் பின்னால் கனமான திரை ஒன்று தொங்கவிட்டால் ஏசி குளிர வைக்க வேண்டிய இடம் இன்னும் குறையும்.

படி 3: இடம் பார்த்தல்

கூரைக்குக் குறுக்கே ஓடும் பட்டைகளை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். உள்ளே படுத்துக்கொண்டு அவற்றின் இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறியுங்கள். யூனிட் சுமார் 30 கிலோ இருக்கும். அவ்வளவு எடை உச்சியில் ஏறினால் சரிவில் வண்டி சாயும் விதம் மாறும், அதனால் முடிந்தவரை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வையுங்கள். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். டிஃபென்டர் ஏற்கெனவே இரண்டு மீட்டர் உயரம், மேலே இன்னும் 20 சென்டிமீட்டர் வந்தால் பல அடித்தளப் பார்க்கிங்குகளுக்குள் போகாது.

ஓமானில் இருப்பவர்கள் போலீஸ் வாகனப் பரிசோதனை மையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றியது. ஆர்டிஓவிடம் பேசாமல் ஜிக்சாவைத் தொடாதீர்கள்.

படி 4: வெட்டுதல்

இரண்டு பேட்டரிகளின் இணைப்பையும் கழற்றுங்கள். யூனிட்டோடு வரும் அட்டை அச்சை மேலே ஒட்டி, நான்கு மூலையிலும் ஹோல் சாவால் வட்டத் துளை போடுங்கள். மூலை வளைவாக இருக்க வேண்டும், கூர்மையாக விட்டால் அங்கிருந்துதான் தகடு கிழியத் தொடங்கும். மெல்லிய பல் பிளேடு போட்ட ஜிக்சாவால் துளைகளை இணையுங்கள். வெட்டும் துண்டு உள்ளே விழாமல் ஒருவர் கீழே இருந்து தாங்கட்டும். கிரைண்டர் வேண்டாம்.

விளிம்பை அரத்தால் தேய்த்து எட்ச் ப்ரைமர் அடியுங்கள். உங்கள் வண்டியின் கூரை இரும்பு என்றால் ஜிங்க் ப்ரைமர் அடியுங்கள், சிதறிய இரும்புத் தூள் ஒன்றுவிடாமல் துடையுங்கள். விட்ட தூள் அடுத்த மழைக்குப் பெயின்ட் மேல் துருப் பொட்டாகத் தெரியும்.

படி 5: சட்டமும் பொருத்துதலும்

இந்த யூனிட்கள் பெரும்பாலும் கேரவனுக்காகச் செய்தவை. அங்கே கூரையே 30 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். நம்முடையது வெறும் தகடு. போல்ட்டை முடுக்கினால் கூரை குழியும். அதனால் ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் 25 மில்லிமீட்டர் அலுமினியச் சதுரக் குழாயில் சட்டம் செய்து, அதன் முனைகளைக் குறுக்குப் பட்டைகளோடு சேருங்கள். எடையைத் தகடு அல்ல, பட்டைகள்தான் தாங்க வேண்டும். எவர்சில்வர் போல்ட் அலுமினியத்தை நேராகத் தொட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் அரிக்கும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள்.

யூனிட்டை ஏற்ற மூன்று பேர் வேண்டும். அடியில் இருக்கும் ஃபோம் கேஸ்கெட் பாதித் தடிமனுக்கு அமுங்கும் வரை நான்கு போல்ட்டையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு சுற்று.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கேஸ்கெட்டை நம்பாமல் யூனிட்டைச் சுற்றிலும் சீலண்ட் பூசினேன். ஏசியில் ஊறும் தண்ணீர் வெளியேறும் துளைகளும் அதோடு அடைபட்டன. முதல் பயணத்தில் பிரேக் பிடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் என் மைத்துனர் மடியில் கொட்டியது. சீலண்ட் போல்ட் துளைகளுக்கு மட்டும் போதும், அதுவும் பாலியூரிதேன் வகை.

படி 6: வயரிங்

பேட்டரியிலிருந்து ஏசி வரை 4 மீட்டர் என்றால் போகவர 8 மீட்டர். 60 ஆம்பியரில் 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கும், 25 போட்டால் 0.35 வோல்ட். 25-ஐயே போடுங்கள். நெகடிவ்வையும் பேட்டரி வரை தனிக் கேபிளாகக் கொண்டுபோங்கள். டிஃபென்டரின் பழைய பாடி எர்த்தை நம்பி ஏமாறாதவர்கள் குறைவு.

பாசிடிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். லித்தியம் ஷார்ட் ஆனால் பாயும் மின்னோட்டத்தைச் சின்ன பிளேடு ஃபியூஸ் நிறுத்தாது, கிளாஸ் டி (Class T) வகை வாங்குங்கள். அளவு யூனிட் தாளில் சொன்னபடி. தகட்டைக் கேபிள் கடக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையம் (குரோமெட்).

படி 7: சோதனை

ஹோஸ் பைப்பால் கூரையில் கால் மணி நேரம் தண்ணீர் அடித்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். லைனிங்கை அதற்குப் பிறகு மாட்டினால் போதும்.

தூங்கும்போது ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள். சார்ஜ் குறைந்துவிட்டதென்று இன்ஜினை ஓட விட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது, புகை உயிரை எடுத்துவிடும்.

அப்புறம் ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் ஏசி முனையிலும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ ஒரு லக் (கேபிள் நுனியில் அமுக்கிப் பொருத்தும் உலோக முனை) சரியாக அமுங்கவில்லை. புறங்கையை ஒவ்வொரு லக் பக்கமும் கொண்டுபோங்கள். எது சூடாக இருக்கிறதோ, அதை வெட்டிவிட்டுப் புதிதாக அமுக்குங்கள்.