முதல் உறைபனிக்குப் பிறகு அறுவடை: எதை உடனே எடுப்பது, எதை மண்ணிலேயே விடுவது

முதல் உறைபனி விழுந்த காலையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பறித்துவிடக் கை பரபரக்கும். வேண்டாம். இலையில் பனி உறைந்திருக்கும்போது தொட்டால் விரல் பட்ட இடம் பிறகு கறுத்துக் குழைந்துவிடும், அதனால் வெயில் ஏறி, விறைத்த இலைகள் மறுபடி தளர்ந்து, ஈரமும் காயும் வரை காத்திருங்கள்.

முதலில் தக்காளி, மிளகாய், கத்தரி, பீன்ஸ், வெள்ளரி. இவை பனி தாங்காதவை. தக்காளிக் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தோல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தால், நீர் கோர்த்தது போல இருந்தால், அது உறைந்த காய், தேறாது. நன்றாகப் பருத்து வெளிர்பச்சையாக, கெட்டியாக இருப்பதைத் தனியே எடுத்து, 20 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ள அறையில் ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பி வைத்தால் தானே பழுக்கும், வெயில் தேவையில்லை.

அடுத்தது சர்க்கரைவள்ளி, இதில் தாமதமே கூடாது. கொடி கறுத்துவிட்டால் அந்த அழுகல் தண்டு வழியாகக் கிழங்குக்கு இறங்கும், ஆகவே அன்றே கொடியை அறுத்துவிட்டு, முடிந்தால் அன்றே கிழங்கையும் தோண்டிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே கட்டியாகிவிடும்.

பூசணியின் கொடி மட்டும் வாடியிருந்தால் காய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான்கு விரல் காம்போடு கத்தியால் அறுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அது முறிந்தால் அந்த இடத்திலிருந்துதான் அழுகத் தொடங்கும்.

சரி, விட்டு வைக்க வேண்டியவை? கேரட், பார்ஸ்னிப் (கேரட் போன்ற வெளிர்நிறக் கிழங்கு), கேல் (கோசு வகைக் கீரை), களைக்கோசு (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்). குளிரைச் சமாளிக்கத் தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் செடி சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது, உறைபனி கண்ட கேரட் இனிப்பது அதனால்தான். மண் முழுதாக உறைந்தால் தோண்டவே முடியாது என்பதால், அதற்கு முன்பே பாத்தி மேல் ஓரடி உயரத்துக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டுவிடுங்கள், வேண்டும்போது விலக்கிப் பிடுங்கலாம்.

அப்புறம், பிடுங்கிய கேரட்டைக் கழுவாமல் மண்ணை உதறி, இலையை மட்டும் நறுக்கிவிட்டு ஈர மணலில் அடுக்குங்கள். இலையை விட்டுவைத்தால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும், சில நாட்களிலேயே கேரட் ரப்பர் போல வளையும்.