கோடோ 4: மேடுபள்ளத் தரைக்கு மோதல் வடிவம் வரைதல்

கோடோ என்ற கேம் எஞ்சினில் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில்) ஸ்பிரைட் வெறும் படம்தான். கதாபாத்திரம் அதன்மேல் நிற்க வேண்டுமானால் தனியாக ஒரு மோதல் வடிவம், அதாவது பொருள்கள் முட்டி நிற்கும் எல்லை, வேண்டும். பெட்டி, வட்டம், கேப்சூல் பொருந்துகிற இடத்தில் கொலிஷன்ஷேப்2டி போதும். ஓடியாடும் நாயகனுக்கும் கேப்சூலே நல்லது. அவன் முடி, விரல் வரை கோடு இழுக்க வேண்டாம். புள்ளி புள்ளியாக வரையும் பலகோணமான கொலிஷன்பாலிகன்2டி ஒழுங்கற்ற தரைக்கு, பாறைக்கு.

முதலில், நகராத பொருளுக்கான ஸ்டாட்டிக்பாடி2டி நோடு (காட்சியின் ஓர் அங்கம்) ஒன்று. அதற்கு நேர் பிள்ளைகளாக ஸ்பிரைட்2டி ஒன்று, கொலிஷன்பாலிகன்2டி ஒன்று. பாலிகனை ஸ்பிரைட்டுக்குள் போட்டால் மஞ்சள் முக்கோண எச்சரிக்கை வரும், மோதல் நடக்காது.

வரையத் தொடங்குமுன் ஷிஃப்ட்+ஜி அழுத்தி புள்ளிகளைக் கட்டங்களோடு ஒட்டவைக்கும் கிரிட் ஸ்னாப்பை இயக்குங்கள். 8 பிக்சல் இடைவெளி பெரும்பாலான தரைக்குச் சரியாக வரும். பாலிகன் நோடைத் தேர்ந்தெடுத்தால் மேல் பட்டையில் புள்ளி சேர்க்க, திருத்த, அழிக்க மூன்று பொத்தான்கள் தோன்றும். மேட்டின் ஓரமாக ஒவ்வொரு புள்ளியாகச் சொடுக்கிக்கொண்டே போய், கடைசியில் முதல் புள்ளியின் மேலேயே சொடுக்கினால் வடிவம் மூடிக்கொள்ளும். வளைவு கண்ணுக்கு மாறும் இடத்தில் மட்டும் புள்ளி வையுங்கள். ஒரு சாதாரண மேட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் தாராளம்.

பலரும் மாட்டிக்கொள்வது அடுத்ததில்தான். திருத்தும் பொத்தான் இயங்கும்போது புள்ளியைப் பிடித்து இழுத்தால் அது நகரும், வலது சொடுக்கில் அழியும். ஆனால் புள்ளிக்குச் சற்றுத் தள்ளி, கோட்டின் மேல் சொடுக்கினால் அங்கே புதிதாக ஒரு புள்ளி முளைத்துவிடும். தெரியாமல் அதை இழுத்துவிட்டால் ஒரு கோடு இன்னொன்றை வெட்டும். உடனே கீழே அவுட்புட் பகுதியில் சிவப்பாக "கான்வெக்ஸ் டீகம்போஸிங் ஃபெயில்டு" என்று வரும். இயற்பியல் எஞ்சினுக்கு உட்குழிவு உள்ள திண்ம வடிவம் அப்படியே புரியாது. கோடோ அதைக் குழிவில்லாத துண்டுகளாக வெட்டித்தான் கொடுக்கிறது. கோடுகள் குறுக்கே வெட்டினால் எது உள்ளே, எது வெளியே என்று தீர்மானிக்க முடியாமல் வெட்டும் வேலை நின்றுவிடுகிறது.

சரிசெய்ய, வடிவத்தைப் பெரிதாக்கிக் கோடுகளைச் சுற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லையா? நோடின் மதிப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் பாலிகன் பட்டியலைத் திறந்து எண்களைப் படியுங்கள். அடுத்தடுத்து ஒரே மதிப்புள்ள இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். பில்ட் மோடைச் 'செக்மெண்ட்ஸ்' என்று மாற்றினாலும் பிழைச் செய்தி மறையும். அதைத் தீர்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்போது வடிவம் உள்ளீடற்ற வெறும் கோடாகிவிடும், வேகமாக வரும் பொருள் ஊடுருவிப் போகலாம்.

ஸ்பிரைட்டைத் தேர்ந்தெடுத்து, மேல் மெனுவில் 'கிரியேட் கொலிஷன்பாலிகன்2டி சிப்ளிங்' கொடுத்தால் படத்தின் ஒளிபுகும் ஓரத்தை வைத்துக் கோடோவே வரைந்து தரும். பாறைகளுக்கு இது பிரமாதம். 'சிம்ப்ளிஃபிகேஷன்' அளவைக் கூட்டி, முன்னோட்டத்தைப் புதுப்பித்துப் பார்த்து, புள்ளிகள் குறைந்ததும் உருவாக்குங்கள். படத்தின் பின்புலம் ஒளிபுகாததாக இருந்தால் முழுச் செவ்வகம்தான் கிடைக்கும். நடக்கும் தரைக்கு மட்டும் கையால் வரைவதே மேல்: தானாக வரும் கோட்டில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும், கால் தட்டும்.

சரிவையும் கவனியுங்கள். நாயகனுக்கான நோடாகிய கேரக்டர்பாடி2டி-யில் தரை என்று ஏற்கும் அதிகபட்சக் கோணம் இயல்பாக 45 பாகை. கிடையாக 64 பிக்சலுக்கு 64-க்கு மேல் ஏறினால் அது சுவராகிவிடும், நாயகன் நழுவுவான்.

அளவு போதவில்லை என்று நோடின் ஸ்கேலைத் தொடாதீர்கள், புள்ளிகளையே நகர்த்துங்கள். ஓட்டிப் பார்க்கும்போது டீபக் மெனுவில் 'விசிபிள் கொலிஷன் ஷேப்ஸ்' இயக்கினால் வடிவம் திரையிலேயே தெரியும்.

பின்சேர்க்கை: ஆட்டத்தின் நடுவே வடிவத்தை முடக்க வேண்டுமானால், மோதல் சிக்னலுக்குள் (மோதல் நடந்ததும் ஓடும் நிரலுக்குள்) 'டிஸேபிள்டு' மதிப்பை நேரடியாக மாற்றினால் பிழை வரும். மாற்றத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டுச் செய்யும் 'செட் டிஃபர்டு' வழியாக மாற்றுங்கள்.