ஃபைபர் படகுக்குத் தேக்கு விளிம்பு பொருத்துதல்

கொடைக்கானல் ஏரியில் ஓடிய பழைய ஃபைபர் படகைப் புதுப்பிக்கும்போது, விளிம்புக்கான மரத்தை வாங்கிய அன்றே பொருத்திவிடக் கூடாது. சமவெளியில் உலர்ந்த தேக்கு இம்மலையின் ஈரக்காற்றில் சற்று உப்பும் என்பதால், இரண்டு மூன்று வாரங்கள் பட்டறையிலேயே காற்றோட்டமாக அடுக்கி வைக்க வேண்டும்.

முனைப்பகுதியின் வளைவுதான் கடினமானது. மரம் வளைந்துகொடுக்க, ஓர் அங்குலக் கனத்திற்கு ஒரு மணி நேரம் நீராவியில் வைப்பது பொது வழக்கம். ஆனால் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், இங்கே கூடுதல் நேரம் கொடுப்பதே நல்லது. வெளியே எடுத்த மரத்தைச் சூடு ஆறுமுன் படகின் விளிம்போடு வளைத்து, கிளாம்புகளால் இறுக்கி, மறுநாள் வரை விட்டுவிட வேண்டும்.

பின்னர்க் கழற்றி, தேக்கின் எண்ணெய்ப் பசையை அசிட்டோனால் துடைத்து, நீர் புகாமல் இடைவெளியை அடைக்கும் பாலியூரிதேன் சீலன்ட் தடவி, முன்துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் பிணைக்கவும். ஃபைபரில் துளையின் வாயைச் சற்றே அகலமாக்கினால், அதன் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட் விரிசல் விடாது. அளவுக்கு மீறி இறுக்கினால் சீலன்ட் முழுவதும் பிதுங்கி வெளியேறி, அவ்விடத்தில் நீர் புகுந்துவிடும். நல்ல மரம் இந்த ஒரு அவசரத்தால் உளுத்துப்போவதைக் காண மனம் பொறுக்காது. வெட்டுமுனைகளே நீரை அதிகம் உறிஞ்சுமாதலால், மூடுபனி விலகிய முற்பகலில் முதல் வார்னிஷை அவற்றுக்கே பூசவும்.