காலி வேறு, இல்லை வேறு: லிப்யூவியில் சூழல் மாறிகளுக்கு டெஸ்ட் எழுதலாம் வாங்க

ஒரு சூழல் மாறியை (என்விரான்மென்ட் வேரியபிள், அதாவது புரோகிராமுக்கு வெளியிலிருந்து பெயரும் மதிப்புமாக வருகிற தகவல்) படிக்கிற ஃபங்ஷனுக்குத் தனியாக டெஸ்ட் வேறு எழுத வேண்டுமா என்று தோன்றும். லினக்ஸில் மட்டும் ஓடுகிற புரோகிராம் என்றால் நானும் அவ்வளவு மெனக்கெட மாட்டேன். ஆனால் அதே சி கோட் விண்டோஸிலும் மேக்கிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்றால் விஷயம் மாறிவிடுகிறது. மாறிக்குள் ஒன்றும் இல்லை என்பதையும் மாறியே இல்லை என்பதையும் எல்லா இயங்குதளமும் ஒரே மாதிரி சொல்வதில்லை, அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

உதாரணத்துக்கு லிப்யூவியை எடுத்துக்கொள்கிறேன். நோட் ஜேஎஸ்ஸின் அடியில் இருக்கிற சி லைப்ரரி அதுதான். 1.12.0 பதிப்பில் யூவி_ஓஎஸ்_கெட்என்வ், யூவி_ஓஎஸ்_செட்என்வ், யூவி_ஓஎஸ்_அன்செட்என்வ் என்று மூன்று ஃபங்ஷன்கள் அதில் சேர்ந்தன: படிக்க, எழுத, நீக்க. கீழே கெட்என்வ், செட்என்வ், அன்செட்என்வ் என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் ஃபங்ஷன் என்ன வாக்குக் கொடுக்கிறது என்று பாருங்கள்

கெட்என்வுக்கு மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்: மாறியின் பெயர், மதிப்பு வந்து விழுவதற்கு ஒரு பஃபர், அந்த பஃபரின் அளவைச் சுட்டும் பாயின்டர். இந்த அளவு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்பதை நன்றாக மனதில் வையுங்கள். கூப்பிடும்போது பஃபரில் எத்தனை பைட் இடம் இருக்கிறது என்று நாம் சொல்கிறோம். வேலை முடிந்தால் மதிப்பின் நீளம் அதே இடத்தில் எழுதப்பட்டிருக்கும், முடிவில் வரும் சுழியம் (எழுத்துச் சரம் முடிந்தது என்று காட்டுகிற 0 பைட்) அந்தக் கணக்கில் சேராது. இடம் போதவில்லை என்றால் ஈ-நோபஃப்ஸ் என்ற பிழை வரும், அப்போது எத்தனை பைட் வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கும், இந்தத் தடவை சுழியத்தையும் சேர்த்து. ஒரே இடம், இரண்டு விதமான கணக்கு. டெஸ்டில் பாதி வேலை இதைச் சரிபார்ப்பதுதான்.

படி 2: டெஸ்டுக்கு இடமும் பெயரும்

லிப்யூவியில் டெஸ்ட் கோப்புகள் டெஸ்ட் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. புது டெஸ்ட் எழுதினால் அதை டெஸ்ட்-லிஸ்ட் என்ற ஹெடர் கோப்பிலும் பதிய வேண்டும். பதிய மறந்தால் கம்பைல் ஆகும், ஆனால் ஓடாது, நாம் பாட்டுக்கு எல்லாம் பாஸ் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

மாறிக்குப் பெயர் வைக்கும்போது பாத், ஹோம் மாதிரி நிஜமாகவே பயன்பாட்டில் இருக்கிற எதையும் தொடாதீர்கள். யூவி_டெஸ்ட்_ஃபூ மாதிரி வேறு யாரும் வைத்திருக்க வாய்ப்பில்லாத பெயராக இருக்கட்டும்.

படி 3: தப்பான உள்ளீடு

இது சீக்கிரம் முடிகிற வேலை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நல் (எதையும் சுட்டாத பாயின்டர்), பஃபர் இடத்தில் நல், அளவு இடத்தில் நல், அப்புறம் அளவு 0 என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஈ-இன்வால், அதாவது உள்ளீடு தப்பு என்ற பிழை வர வேண்டும். செட்என்வுக்குப் பெயர் நல், மதிப்பு நல், இரண்டுமே நல். அன்செட்என்வுக்குப் பெயர் நல். அவ்வளவுதான்.

படி 4: சரியாக 10 பைட்

பஃபரை 10 பைட்டுக்கு வையுங்கள், மாறிக்கு 123456789 என்று மதிப்புக் கொடுங்கள். ஒன்பது எழுத்து, ஒரு சுழியம், ஆக பஃபர் அப்படியே நிறைந்துவிடும். அளவை 10 என்று வைத்துக் கெட்என்வைக் கூப்பிட்டால் 0 திரும்ப வேண்டும், பஃபரில் அதே எழுத்துகள் இருக்க வேண்டும், அளவு 9 ஆகியிருக்க வேண்டும். இப்போது அளவை 9 என்று வைத்து மறுபடி கூப்பிடுங்கள். ஈ-நோபஃப்ஸ் வர வேண்டும், அளவு 10 ஆகியிருக்க வேண்டும். பஃபரை 100, 200 என்று தாராளமாக வைத்தால் இந்த எல்லைக்கோடு டெஸ்டில் சிக்காமலே போய்விடும்.

ஒவ்வொரு தடவை கூப்பிடும் முன்பும் பஃபரின் முதல் பைட்டில் சுழியம் போட்டுவிடுங்கள், அளவையும் திரும்ப வையுங்கள். ஒரு தடவை நான் இதைச் செய்யாமல் விட்டதில் முந்தைய அழைப்பு எழுதிய மதிப்பே பஃபரில் தங்கிவிட்டது. ஃபங்ஷன் எதையும் எழுதாமல் 0 மட்டும் திருப்பியது, ஒப்பிட்டுப் பார்த்தால் எழுத்துகள் பொருந்தின, டெஸ்ட் பாஸ். இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

படி 5: காலியும் இல்லாமையும்

இந்த டெஸ்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது. முதலில் அன்செட்என்வ் செய்யுங்கள், பிறகு படியுங்கள். ஈ-நோஎன்ட் வர வேண்டும், அதாவது அப்படி ஒரு மாறியே இல்லை. அடுத்து அதே மாறிக்கு வெற்றுச் சரத்தை மதிப்பாகக் கொடுத்துவிட்டுப் படியுங்கள். இப்போது 0 வர வேண்டும், அளவும் 0, பஃபரில் வெறும் சுழியம். மாறி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

லினக்ஸில் இது தானாகவே சரியாக வரும். சி மொழியின் சொந்த கெட்என்வ், மாறி இல்லை என்றால் நல் தருகிறது, இருந்தால் சரத்தைத் தருகிறது, குழப்பம் இல்லை. விண்டோஸில் அப்படி இல்லை. மாறியைப் படிக்கிற விண்டோஸ் ஃபங்ஷன் மதிப்பின் நீளத்தைத் திருப்புகிறது, மாறி இல்லை என்றாலும் 0, மதிப்பு காலி என்றாலும் 0. இரண்டையும் பிரித்துக் காண வேண்டுமானால் கூப்பிடும் முன் கடைசிப் பிழை எண்ணைத் துடைத்துவிட்டு, 0 வந்த பிறகு அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். லிப்யூவி அப்படித்தான் செய்கிறது. துடைக்காமல் விட்டால் முன்பு எப்போதோ வந்த பிழையின் எண் அங்கேயே கிடந்து, இருக்கிற மாறியை இல்லை என்று சொல்ல வைக்கும். இல்லை, காலி என்ற இரண்டு சோதனைகளையும் அடுத்தடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

இல்லாத மாறியை நீக்கினாலும் 0 தான் வர வேண்டும், அது பிழை கிடையாது. ஆகவே அன்செட்என்வை இரண்டு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

படி 6: வேறு வழியில் சரிபார்க்காதீர்கள்

செட்என்வ் எழுதியதை சி மொழியின் சொந்த கெட்என்வால் படித்துப் பார்க்கலாமே என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் தோன்றும். லினக்ஸில் நடக்கும். விண்டோஸில் சி ரன்டைம் தனக்கென்று ஒரு பிரதி வைத்திருக்கிறது, லிப்யூவி நேராக இயங்குதளத்திடம் எழுதுவதால் அந்தப் பிரதிக்கு விஷயமே தெரியாது. டெர்மினலுக்குப் போய் எக்கோ போட்டுப் பார்ப்பதும் வீண், ஏனென்றால் ஒரு பிராசஸ் தன் சூழலை மாற்றினால் அது அதைத் தொடங்கிய ஷெல்லுக்குப் போகாது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்தும் இப்படித்தான். ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தடவையும் சிறிய எழுத்தில் ஒரு தடவையும் எழுதினால் லினக்ஸிலும் மேக்கிலும் இரண்டு மாறி, விண்டோஸில் ஒன்றே ஒன்று. இதை டெஸ்ட் செய்வதாக இருந்தால் இயங்குதளத்தைப் பார்த்து இரண்டு விதமாக எழுதுங்கள்.

படி 7: தமிழில் ஒரு மதிப்பு

லிப்யூவி எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8 தான் வாங்குகிறது, கொடுக்கிறது. விண்டோஸோ உள்ளுக்குள் யூடிஎஃப்-16 வைத்திருக்கிறது. இரண்டும் யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கிற வேறு வேறு முறைகள். வெறும் ஆங்கில எழுத்தில் டெஸ்ட் எழுதினால் இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாகவே வரும், தப்பு வெளியே தெரியாது. "அம்மா" என்று கொடுத்துப் பாருங்கள். அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என யூனிகோடில் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. யூடிஎஃப்-16 இல் வெறும் 5 அலகு. ஆக கெட்என்வ் தருகிற அளவு 15 ஆக இருக்க வேண்டும், பஃபருக்கு 16 வேண்டும். எங்காவது 5 என்று வந்தால் மாற்றிய பிறகு எண்ண வேண்டியதை மாற்றும் முன்பே எண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் மூலக் கோப்பு யூடிஎஃப்-8 என்று சொல்லும் தேர்வைப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் டெஸ்டுக்குள் இருக்கிற "அம்மா"வே சிதைந்துவிடும்.

படி 8: ஓட்டுங்கள், அப்புறம் உடையுங்கள்

முடிவில் நீங்கள் உருவாக்கிய எல்லா மாறிகளையும் நீக்கிவிடுங்கள். லிப்யூவியின் டெஸ்ட் ரன்னர் ஒவ்வொரு டெஸ்டையும் தனிப் பிராசஸில் ஓட்டுவதால் அங்கே மிச்சம் மீதி அடுத்த டெஸ்டைத் தொடாது, ஆனால் நீங்கள் வேலை செய்யும் லைப்ரரியில் அந்த வசதி இருக்கும் என்று நம்ப முடியாது. இந்த டெஸ்டுகளைப் பல த்ரெட்டில் ஒரே நேரத்தில் ஓட்டவும் வேண்டாம், ஒரு த்ரெட் எழுதும்போது இன்னொன்று படித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லாம் பாஸ் ஆனதும் லினக்ஸிலேயே ஒன்று செய்து பாருங்கள். யூனிக்ஸ் பக்கத்துக் கோர் கோப்பில் மதிப்பின் நீளம் பஃபரின் அளவுக்குச் சமமா, அதைவிடப் பெரிதா என்று பார்க்கிற வரி இருக்கிறது. அதிலிருந்து "சமமா" என்பதை எடுத்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள். படி 4-இல் அளவை 9 என்று வைத்த இடத்தில் டெஸ்ட் விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் டெஸ்ட்-லிஸ்டில் பதிந்தீர்களா என்று பாருங்கள். விழுந்தால் வரியைப் பழையபடி வைத்து, விண்டோஸ் கணினியிலும் ஒரு தடவை ஓட்டிவிட்டு கமிட் செய்யுங்கள்.