கொரோனா காய்ச்சலில் பிள்ளையின் மூச்சை எண்ணிப் பார்ப்பது எப்படி?

கொரோனா கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் சில நாளில் தேறிவிடுவார்கள். ஐ.சி.யூ. வரை போகும் சிலருக்கு, வீட்டில் மூச்சை எண்ணத் தெரிந்த ஒருவர் இருப்பதே பெரிய உதவி.

பிள்ளை தூங்கும்போதோ, அழாமல் மடியில் இருக்கும்போதோ சட்டையை முழுக்கத் தூக்குங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரம் வைத்து முழு 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும், கைக்குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. 2 மாதத்துக்குள் 60, 1 வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40, அதற்கு மேல் 30. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எண்ணிக்கை எதுவானாலும், மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், முனகினால், மூக்கு விடைத்தால், உதடு நீலம் பூத்தால் உடனே 108. வேகமாக மூச்சு இளைத்த பிள்ளை திடீரென்று மெதுவாக மூச்சு விட்டுத் துவண்டு கிடந்தால் 'தணிஞ்சிட்டு' என்று நினைக்காதீர்கள். அது களைத்துப்போன மூச்சு, எல்லாவற்றிலும் ஆபத்தானது.

விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே வந்தால் ஆஸ்பத்திரி, 90க்குக் கீழே என்றால் தீவிர நிலை. மருதாணி, நகப்பூச்சு, சில்லிட்ட கை மூன்றும் அளவைக் கெடுக்கும். பெரியவர்களுக்கான கிளிப் கைக்குழந்தை விரலில் சரியாக உட்காராது. அது காட்டும் எண்ணைவிட நெஞ்சைப் பார்ப்பதே மேல்.

பாராசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி.; 5 மி.லி.யில் 125 என்று போட்ட சிரப்பானால் 6 மி.லி., 250 என்றால் 3 மி.லி. மட்டும். சொட்டு மருந்து 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதைச் சிரப் மூடியில் ஊற்றிக் கொடுத்தால் ஈரல் கெடும். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தை நீங்களாகக் கொடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் ஆஸ்பிரின் கூடாது, மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு வாங்கக் கூடாது. ஆவி பிடிக்கவும் வைக்காதீர்கள், சுடுதண்ணீர் கொட்டிவிடும்.

இன்னொரு ஆபத்து தாமதமாக வரும். கொரோனா வந்துபோன 2 முதல் 6 வாரத்துக்குள் திரும்பவும் கடுங்காய்ச்சல், கூடவே வயிற்றுவலி, வாந்தி, பீளையில்லாமல் சிவந்த கண், தடிப்பு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பல உறுப்புகளைத் தாக்கும் நிலை இது, இதயம் பலவீனப்படும். முதல் கொரோனா வெறும் சளியாகவே போயிருக்கலாம். நம் பக்கம் இதை மாந்தம் என்றும் குடலேற்றம் என்றும் சொல்லித் தட்டக் கூட்டிப்போவதில்தான் நேரம் போகிறது. கை கால் சில்லிட்டு, 8 மணி நேரம் சிறுநீர் போகாமல், நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப 3 வினாடிக்கு மேலானால் இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். வீட்டில் எல்லாருக்கும் எந்தத் தேதியில் சளி, காய்ச்சல் வந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பதா என்று முடிவு செய்வார்கள்.

நம் திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளை, உவரி, பாபநாசம், காரையாறு பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி தூரம். இருட்டும் வரை காத்திராமல், சந்தேகம் தட்டியதுமே கிளம்புங்கள். 108-இல் கூப்பிடும்போது 'மூச்சுத் திணறல், குழந்தை, வயது இத்தனை, ஆக்சிஜன் வேண்டும்' என்று முதலிலேயே சொல்லுங்கள். வண்டியில் மடியில் நிமிர்த்தி வையுங்கள். மூச்சு இளைக்கும் பிள்ளைக்குப் பாலோ தண்ணீரோ புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். எடை, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

ஆஸ்பத்திரியில் அந்தத் தாமத நோய்க்கு இம்யூனோகுளோபுலின் (நரம்பு வழி ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து) ஏற்றியிருந்தால் அந்தத் தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்குங்கள். அம்மை வகைத் தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும், முன்னால் போட்டால் சரியாகப் பிடிக்காது. இதயத்தைத் திரும்ப எக்கோ எடுத்துப் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓட்டமும் கபடியும் வேண்டாம்.